மூன்றாவது பாட்டில் இழுத்தது யார்?

நேர்த்திக்கடன் தீர்க்கவோ காணி பார்க்கவோ நான் ஊருக்குப் போகவில்லை. ஒரு வழக்கை முடிக்கப் போனேன். எதிராளி யோகன், ஸ்கந்தபுரத்தில் நெல் விதைப்பவன், என் சின்ன வயதுக் கூட்டாளி. சாட்சி என் தோள்பையில் ஒரு சீடியாக இருந்தது. 2004ஆம் ஆண்டு. வன்னிக்குப் பாதை திறந்து, சண்டை ஓய்ந்து, வெளிநாட்டில் இருந்தவர்கள் எல்லாம் பெட்டி பெட்டியாகச் சாமான் கட்டிக்கொண்டு போய் வந்துகொண்டிருந்தார்கள். லண்டனில் பஸ் ஓட்டுகிற எனக்கு லீவு கிடைத்ததும் அம்மா, “பொம்பிளை பாக்கவோ போறாய்?” என்று ஆசையாகக் கேட்டார். யோகனின் வாயை அடைக்கப் போகிறேன் என்றேன். அம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது.

வழக்கு இதுதான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டன் மாமா அனுப்பிய பார்சல் ஒன்று எப்படியோ வன்னிக்குள் வந்து சேர்ந்தது. ஜம்பர்களுக்கு நடுவே ஒரு கசற். உறை இல்லை, பெயர் இல்லை. மாமா பெரிய பக்திமான், ஆகவே இது சாமிப்பாட்டுத்தான் என்று அம்மா அதைச் சாமிப்படத்தடியில் வைத்துப் பூவும் வைத்தார். போட்டுக் கேட்பதுதான் பெரும்பாடு. அந்த நாட்களில் எங்கள் பக்கத்துக்குப் பற்றரி வர ஆமிக்காரர் விடமாட்டார்கள். மின்சாரம் அதற்கு முன்னரும் எங்கள் ஊரை எட்டிப் பார்த்ததில்லை. இருந்த ஒரே வழி சைக்கிள். அதை ஸ்ராண்டில் ஏற்றி நிறுத்தி, பின்ரயரில் டைனமோவை அழுத்தி, வயரை ரேடியோவில் கொழுவிவிட்டு, ஒருவர் ஏறி இருந்து மிதிக்க வேண்டும். வேகமாக மிதித்தால் ஆண்குரல் கீச்சுக்குரலாகும். களைத்தால் பேய் முனகும். எங்கள் கூட்டத்தில் மிதிப்பவன் நான். என்னுடைய சைக்கிள், என்னுடைய கால்.

அம்மா கைகூப்பி நிற்க, நான் மிதித்தேன். முதலில் ஒரு பேஸ் கிற்றார் மட்டும் தனியாக நடந்து வந்தது. அதன் பின்னால் திருவலையில் தேங்காய் திருவுவது போல இன்னொரு கிற்றார். பிறகு ட்ரம்ஸ். அதற்கு மேலே ஒருவன் மினிபஸ் கொண்டக்டர் மாதிரிக் கத்தினான். அம்மா கைகளைக் கீழே விட்டு, “இது சாமியில்லை” என்று சொல்லிக் குசினிக்குள் போய்விட்டார். பக்கத்தில் இருந்த யோகன் எழும்பி ஆடத் தொடங்கினான்.

பெயர் தெரியாததால் நாங்களே அவர்களுக்குச் ‘சத்தக்காரர்’ என்று பெயர் வைத்தோம். பின்னேரங்களில் யோகன் வீட்டு முற்றத்தில் சத்தக்காரர் பாடுவார்கள், நான் மிதிப்பேன், யோகன் ஆடுவான், அவன் தங்கை சாந்தி குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று யாருக்கும் தெரியாமல் ஆடுவாள். எங்கள் ஆங்கிலத்துக்கு அவர்கள் கத்தியதில் ஒரு வரியும் பிடிபடவில்லை. ஆனால் கோபம் பிடிபட்டது. கோபக்காரர்கள் கல்லெறியாமல், அந்தக் கோபத்தைக் காலில் இறக்கி ஆடினால் எப்படி இருக்குமோ, அப்படி ஒரு இசை. அந்த வயதில் எங்களிடம் கோபத்துக்குக் குறைவிருக்கவில்லை. என்ன செய்வதென்றுதான் தெரியாமல் இருந்தோம்.

மூன்றாவது பாட்டில்தான் வில்லங்கம். நடுவில் ஓர் இடத்தில் பாட்டு இழுக்கும். மேட்டில் ஏறும் சைக்கிள் மாதிரித் தளர்ந்து தளர்ந்து நிற்கப் போய், பிறகு ஒரே பாய்ச்சலில் பழைய வேகத்துக்கு வரும். ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் யோகன் கத்துவான்: “மிதியடா ரூபன்!” நான் ஒழுங்காகத்தான் மிதித்தேன். தலையிலடித்துச் சத்தியம் செய்தேன். ஒருவரும் நம்பவில்லை. மூன்றாவது பாட்டு வந்தால் ரூபனுக்குக் கால் சோரும் என்று ஊரே பேசியது. நான் வன்னியை விட்டுப் புறப்பட்ட அன்று, எல்லோரும் அழுதுகொண்டு நிற்கையில், யோகன் என் காதுக்குள் சொன்னது, “லண்டனிலையாவது ஒழுங்கா மிதி” என்பதுதான்.

லண்டன் டிப்போவில் என்னோடு வேலை செய்யும் ஜமேய்க்காக்காரர் ஒருவர்தான், நான் விசிலடித்ததைக் கேட்டுச் சத்தக்காரரின் உண்மைப் பெயரைச் சொன்னார். டாம்ப் மாட்சஸ். ஈரம் பிடித்த நெருப்புக்குச்சிகள் என்று சொல்லலாம். எப்போதோ கலைந்துபோன குழு. ஆனால் இப்போது இளசுகள் மறுபடி அந்த மாதிரி வாசிக்கத் தொடங்கியிருப்பதால், பழையவர்களும் சேர்ந்து ஊர் ஊராக வாசிக்கிறார்கள் என்றார். அவர்கள் லண்டனில் வாசித்த அன்று வேலை முடிந்த உடுப்போடு போனேன். சின்ன மண்டபம், பியர் நாற்றம், முக்கால்வாசிப் பேர் என்னிலும் இளசுகள். பேஸ் வாசித்தது ஒரு பெண்மணி என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். நரைத்த தலை, பள்ளிக்கூட ரீச்சர் மாதிரிக் கண்ணாடி. அவர் முதல் சுரத்தைத் தட்டியதும் நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னுக்குப் போனேன். மூன்றாவது பாட்டு வந்தது. நடுவில், அதே இடத்தில், அச்சொட்டாக இழுத்தது. ஒருவரும் மிதிக்கவில்லை. லண்டன் முழுக்கக் கரண்ட் இருந்தது. நான் இரண்டு கையையும் மேலே தூக்கிக் கத்தினேன். பக்கத்தில் நின்ற பெடியன் பயந்து விலகினான்.

முடிந்த பிறகு அந்தப் பெண்மணி வாசலில் மேசை போட்டுச் சீடி விற்றுக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் ஏன் இழுக்கிறீர்கள் என்று கேட்டேன். “வேண்டுமென்றேதான். ஆடுகிறவர்களுக்கு அந்த இடத்தில் மூச்சு வாங்கும். கொஞ்சம் நின்று அவர்களையும் கூட்டிக்கொண்டு போகிறோம்” என்றார். ஒரு சீடி வாங்கினேன். வழக்கை வென்றுவிட்டேன் என்றுதான் அன்று நினைத்தேன்.

வவுனியாவில் வந்திறங்கிய முதல் நாள், புட்டும் பாரை மீன்குழம்பும் மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டுப் பற்றரி வாங்கப் போனேன். என்னிடம் பற்றரியில் வேலை செய்யும் சின்ன சீடி பிளேயர் ஒன்றும், கையடக்கமான இரண்டு ஸ்பீக்கரும் இருந்தன. “எத்தினை வேணும்?” என்று கடைக்காரர் கேட்டார். “எத்தினை தருவியள்?” என்று கேட்டேன். அவர் சிரித்தார். “அண்ணை கனகாலத்துக்குப் பிறகு வாறியள் போல. இப்ப லொறியோடையும் கொண்டு போகலாம்.” அப்படியும் கைநிறைய வாங்கிக் காலுறைக்குள் சுற்றித்தான் பையில் வைத்தேன். பழக்கதோஷம்.

அடுத்த நாள் ஓமந்தைச் சோதனைச்சாவடியில் பை திறக்கச் சொன்னபோது காலுறையைக் கடைசியாகத்தான் வெளியே எடுத்தேன். ஆமிக்காரன் காலுறையைப் பிரித்துப் பற்றரிகளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், “பாட்டா?” என்று அரைத்தமிழில் கேட்டுவிட்டுப் போகச் சொன்னான். அந்தப் பக்கம் இயக்கத்தின் சாவடியில் இருந்த பெண்பிள்ளைக்கு ஆர்வம் கூட. போட்டுக் காட்டச் சொன்னா. போட்டேன். கொஞ்ச நேரம் தலையைச் சரித்துக் கேட்டுவிட்டு, “பழுதான சாமானுக்கு வரியில்லை, கொண்டு போங்கோ” என்றா. சத்தக்காரரைப் பற்றி அப்படி ஒரு விமர்சனத்தை நான் லண்டன் பத்திரிகைகளிலும் படித்ததில்லை.

லண்டனில் நான் ஓட்டும் பஸ்ஸில் ஒருவர் நின்றபடி தேநீர் குடித்தாலே முறைப்பாடு வரும். அன்று நான் ஏறிய மினிபஸ்ஸில் ஆட்டுக்குட்டி ஒன்றும், கூரைத்தகடும், குழந்தையோடு ஒரு தாயும் ஒரே சீற்றைப் பங்குபோட்டார்கள். கதவு கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. றைவர் ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறுகையால் பின்னால் இருந்தவர்களோடு கதைத்தார். தொழில்முறையில் எனக்கு நெஞ்சு பதறியது. மாங்குளத்தை எட்டும்போது எஞ்சின் பெல்ற் அறுந்தது. றைவர் கவலைப்படாமல் பழைய ரியூப் ஒன்றைக் கீலமாக வெட்டிக் கட்டத் தொடங்க, நாங்கள் எல்லோரும் ஒரு தேத்தண்ணிக் கடைக்குள் ஒதுங்கினோம்.

கடைக்காரர் முல்லைத்தீவு முஸ்லிம், அண்ணன் முறையில் எல்லோரும் ‘நானா’ என்று கூப்பிட்டார்கள். தொண்ணூறில் இயக்கம் முஸ்லிம்களை வெளியேறச் சொன்னதால் புத்தளத்துக்குப் போகவேண்டி வந்து, பாதை திறந்த பிறகு தன்னந்தனியாகத் திரும்பியவர். குடும்பம் இன்னும் அங்கேதான். இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்ரீ தந்துவிட்டு என்ன விசயமாக வந்தேன் என்று விசாரித்தார். முழுவழக்கையும் சொன்னேன். அவருக்கு வழக்கில் அக்கறை இல்லை, சைக்கிளில்தான் நின்றுவிட்டார்.

“சைக்கிள் மிதிச்சுப் பாட்டோ?”

“ஓம் நானா. அப்ப வேற வழியில்லை.”

அவர் கிளாசைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். “நாங்க புத்தளத்துல கரண்டுல பாட்டுக் கேட்டுக்கொண்டு ஊரை நினைச்சுக் கொண்டிருந்தம். நீங்க ஊர்ல இருந்துகொண்டு பாட்டுக்கு சைக்கிள் மிதிச்சிருக்கிறீங்க. ஒருத்தருக்கும் முழுசாக் கிடைக்கல்ல.” பிறகு எனக்கு இன்னொரு பிளேன்ரீ ஊற்றினார்.

மூன்றாம் நாள் ஸ்கந்தபுரம். யோகனுக்குத் தொப்பை வண்டி வைத்திருந்தது. மீசையும் வைத்திருந்தான். படலையில் என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்து, முதுகில் அறைந்து, என் காலைக் குனிந்து பார்த்து, “இப்பவாவது பெலன் வந்திட்டுதோ?” என்று கேட்டான். இத்தனை வருடம் கழித்து முதல் வார்த்தை! பொறு மகனே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். சாந்தி முன்பள்ளியில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். அக்கராயன் குளத்து விராலில் குழம்பும் முருங்கையிலை வறையும் அவள் சமைத்து வைத்ததைச் சாப்பிட்டபோது, லண்டனில் நான் சாப்பிடுவதெல்லாம் பசிக்கு மட்டும்தான் என்று தெரிந்தது.

வெயில் தாழ முற்றத்தில் கதிரை போட்டு, அக்கம்பக்கத்தையும் கூப்பிட்டு, சபை கூட்டினேன். சீடியைப் போட்டேன். பேஸ் நடந்து வந்ததும் யோகனின் முகம் மாறியது. பத்துப் பன்னிரண்டு வயது குறைந்தவன் போல வாயைப் பிளந்துகொண்டு இருந்தான். மூன்றாவது பாட்டு. நடு இடம். இழுத்தது.

“கேட்டியோ?” கதிரையை விட்டுத் துள்ளி எழும்பினேன். “ஆரடா இப்ப மிதிச்சது?”

யோகன் ஆறுதலாக வேட்டியைச் சரிசெய்தான். “பற்றரி இறங்கிட்டுது.”

“புதுப் பற்றரியடா. முந்தநாள் வாங்கினது.”

“வவுனியாப் பற்றரி. வெயிலுக்கை வைச்சு வித்திருப்பாங்கள்.”

“சீடி இழுக்காதடா. பற்றரி இறங்கினா அப்பிடியே நிண்டு போகும்.”

“நிக்க முன்னம் இழுக்கும்தானே.”

பக்கத்து வீட்டுப் பெரியவர் தலையாட்டினார். “ஓம் தம்பி. எல்லாம் இழுத்துத்தான் நிக்கிறது.” சபை முழுவதும் அவரோடு ஒத்துப்போனது. வேறு ஊர்களில் பாட்டு இழுத்தால் பாடினவனைக் குறை சொல்வார்கள். இங்கே இவர்கள் ஆயுளில் ஒரு பாட்டையும் ஒழுங்கான கரண்டில் கேட்டதில்லை. பாட்டு பிழைவிடாது, மிதிப்பவன்தான் விடுவான் என்பது இவர்களுக்கு மாறாத சட்டம். பேஸ் வாசிக்கும் பெண்மணி வாயாலேயே சொன்னார், ஆடுகிற சனம் களைக்கும் என்று வேண்டுமென்றே நிற்கிறார்களாம் என்றேன். யோகனுக்குக் கோபமே வந்துவிட்டது. “நாங்கள் எங்கையடா களைச்சனாங்கள்? அவை எங்களுக்காக ஏன் நிக்கவேணும்?”

நாலாம் நாள், விடாப்பிடியாக அவனைக் கிளிநொச்சிக்கு இழுத்துப் போனேன். அவனுடைய மோட்டார்சைக்கிளில் பின்னால் இருந்து குழிகளை எண்ணுவதை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். கலியாண வீடுகளுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டும் கடை ஒன்று, ஜெனரேற்றர், ஆளுயரப் பெட்டிகள். கடைக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் சீடியைப் போட்டார். அந்தப் பெட்டிகளில் சத்தக்காரரைக் கேட்டபோது என் வயிறு அதிர்ந்தது. தெருவில் போன ஆட்கள் சைக்கிளை விட்டு இறங்கி நின்றார்கள். யோகன் ஒரு முறை சுற்றிப் பார்த்தான், வேட்டியை மடித்துக் கட்டினான், கடை வாசலில், நட்டநடு வெயிலில், ஆடத் தொடங்கினான்.

தொப்பை குலுங்க அவன் ஆடியதைப் பார்த்துச் சனம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. மிதித்துக்கொண்டு முன்னால் பார்த்திருந்த அந்த நாட்களில் நான் அவனுடைய ஆட்டத்தை ஒழுங்காகக் கவனித்ததே இல்லை. மூன்றாவது பாட்டு இழுக்கத் தொடங்கியதும் அவன் ஒரு காலைத் தூக்கி அப்படியே நின்றான். கண்ணை மூடி, கையை விரித்து, பாட்டு திரும்பி வரும்வரை ஒற்றைக்காலில் காத்திருந்தான். வந்ததும் காலை ஊன்றிப் பாய்ந்தான். ஒரு இம்மி பிசகவில்லை. அந்த இடம் அங்கே இருக்க வேண்டும் என்று அவன் உடம்புக்குத் தெரிந்திருந்தது.

பாட்டு முடிந்ததும் மூச்சு வாங்க என்னிடம் வந்தான். நான் வாயைத் திறக்க முன்னரே கடைக்குள் தொங்கிய பல்பைக் காட்டினான். “பாத்தியோ, அந்த இடத்திலை பல்ப் மங்கினது? பக்கத்து வெல்டிங் கடையும் இதே ஜெனரேற்றர்தான்.” கடைக்காரரும், “ஓம், அவர் கம்பி தொட்டா எங்களுக்கு இழுக்கும்” என்றார். நான் தலையில் கைவைத்துக் கடைப்படியில் இருந்துவிட்டேன். யோகன் எனக்கு ஐஸ்கிறீம் வாங்கித் தந்தான். வென்றவன் தருகிற ஐஸ்கிறீம்.

புறப்பட்ட காலை, யோகன் மோட்டார்சைக்கிளுக்கு எண்ணெய் அடிக்கப் போயிருந்த இடைவெளியில், சாந்தி எனக்கு முறுக்குப் பொதி கட்டிக்கொண்டே சொன்னாள்.

“அண்ணாக்குத் தெரியும், ரூபன் அண்ணை.”

“என்ன தெரியும்?”

“அது நீங்கள் இல்லை எண்டு. நீங்கள் வெளிக்கிட்ட அடுத்த கிழமையே தான் ஏறி மிதிச்சுப் பாத்தவர். அதே இடத்திலை இழுத்தது. என்னையும் மிதிக்கச் சொன்னவர். அப்பவும் இழுத்தது.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் முறுக்கே நொறுங்கியிருக்கும். “பின்னை ஏன் ஒத்துக்கொள்ளேல்லை? நான் லண்டனிலை இருந்து சீடி காவிக்கொண்டு வந்தனான்!”

“அதுதான்” என்றாள் சாந்தி. “ஒத்துக்கொண்டிருந்தா வந்திருப்பியளோ?”

யோகன் வந்து ஹோர்ன் அடித்தான். நான் பின்னால் ஏறிக்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. மாங்குளம் வரை சண்டை பிடித்துக்கொண்டு போனோம். அப்படி ஒரு சந்தோசமான சண்டையை நான் அதற்குப் பிறகு ஒருவரோடும் பிடித்ததில்லை.

லண்டனுக்கு வந்த பிறகும் வழக்கு தொலைபேசியில் நடந்தது. பெருநாள், பிறந்தநாள், நெல் வெட்டு என்று எதற்கு எடுத்தாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்போம். அடுத்த முறை ஆளுயரப் பற்றரி கொண்டுவருவேன் என்று நானும், லண்டன் பற்றரியும் வெயிலில் வைத்ததுதான் என்று அவனும். டாம்ப் மாட்சஸ் மறுபடியும் கலைந்துபோனார்கள் என்று சொன்னபோது, “மிதிக்க ஆளில்லாமப் போச்சுதாக்கும்” என்றான். பிறகு பாதையை மூடினார்கள். மறுபடியும் சண்டை. தொலைபேசி அபூர்வமாகியது.

2008 கடைசியில், மாரி மழை நேரம், டிப்போவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது தெரியாத இலக்கத்தில் இருந்து அழைப்பு வந்தது. யோகன். ஸ்கந்தபுரம் முழுக்க ஊரைவிட்டு எழும்பி, இடம் மாறி மாறி, இப்போது விசுவமடுவில் ஒரு தறப்பாளுக்குக் கீழே இருப்பதாகச் சொன்னான். பின்னால் இடி மாதிரிச் சத்தம் கேட்டது. இடியில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். சாந்தி சுகம் என்றான். நெல்லை அப்படியே விட்டுவிட்டு வந்தது என்றான். போனுக்கு வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள், கனக்கக் கதைக்க ஏலாது என்றான்.

“ரூபன்.”

“சொல்லடா.”

“மூண்டாவது பாட்டிலை... அது நீ இல்லையடா. நீ ஒழுங்காத்தான் மிதிச்சனி. பாட்டுத்தான் அப்பிடி.”

இத்தனை காலமும் நான் எதைக் கேட்கத் தவித்தேனோ, அதைக் கேட்டேன். கேட்டதும் தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு எழும்பினேன். நான் இனி வருவேன் என்று அவன் நம்பவில்லை. அல்லது நான் வரும்போது தான் இருப்பேன் என்று நம்பவில்லை.

“இல்லையடா” என்றேன். டிப்போவில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். “நீ சொன்னதுதான் சரி. நான்தான் மிதிக்கேல்லை. எனக்குக் கால் சோர்ந்து போச்சு. ஒவ்வொரு முறையும் நான்தான் விட்டனான்.”

அந்தப் பக்கம் அவன் சிரித்தான். “போனிலை சொல்லி ஏலாது. நேரிலை வந்து, எல்லாருக்கும் முன்னாலை சொல்லவேணும்.”

“சொல்லுறன்” என்றேன். அவனுக்கு அது கேட்டதோ தெரியாது. தொடர்பு அறுந்துவிட்டது.

இதை எழுதும்போது சண்டை முடிந்து சில மாதங்கள் ஆகின்றன. சாந்தி முகாமில் இருப்பதாகச் செய்தி வந்தது. யோகனைக் கண்டதாக இதுவரை ஒருவரும் சொல்லவில்லை. நான் விசாரித்துக்கொண்டே இருக்கிறேன். மூன்றாவது பாட்டில் மிதிக்காமல் விட்டவன் நான்தான் என்று எந்தச் சபையிலும் சொல்ல நான் ஆயத்தம். அவன் வரட்டும்.